மூன்றாவது துண்டு

அன்புள்ள ஐயா,

நான் கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் துறையில் படித்தவள். இப்போது ஒரு பள்ளியில் கலை ஆசிரியை. மிச்ச நேரத்தில் வாடகை வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் சிற்பங்கள் செய்கிறேன். சென்ற மாதம் ஒரு விடுதித் தோட்டத்துக்காக ஆளுயரச் சிற்பம் ஒன்று செய்தேன். ஐந்து துண்டுகள், நடுவே இரும்புக் கம்பி. நிறுவ வந்த கூலியாட்கள் மூன்றாவது துண்டைத் தட்டி இறக்கி உடைத்துவிட்டார்கள். திரும்பச் செய்ய லீவு இல்லை. கற்பித்தல் என் கலையைத் தின்கிறது. மாணவர்கள் சிலர் ஷெட்டுக்கு வரவா என்று கேட்கிறார்கள். எதையாவது கெடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறுத்துவிடுகிறேன். வேலையை விட்டுவிடலாமா? காலரிகளை எப்படி அணுகுவது? மின்சூளை வாங்குவதா, கேஸ் சூளையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காலரிகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். நல்ல படங்கள் பத்து, ஒரு பக்கக் குறிப்பு, தொலைபேசி எண். அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள். வேலையையும் விடாதீர்கள். மண்ணும் மேலே பூசும் கிளேஸும் சும்மா வருவதில்லை, வீட்டு வாடகையும் அப்படித்தான்.

என்னை நிறுத்தியது அந்த மூன்றாவது துண்டு. "கூலியாட்கள் உடைத்துவிட்டார்கள்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் வருத்தம். ஒரு துண்டு சூளையிலிருந்து முழுசாக வெளியே வர எத்தனை நாள் பொறுமை வேண்டும் என்பது தெரியாதவன் அல்ல நான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்டோன்வேர் மண், அதாவது அதிக வெப்பத்தில் சுடும் களிமண், காய்ந்து, சுட்டு முடிவதற்குள் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். ஆறடியாகக் கட்டியது ஐந்தேகால் அடியாகத்தான் நிற்கும். ஈரத்தில் 25 மில்லிமீட்டருக்குப் போட்ட துளை 22 ஆகிவிடும். அதுவும் சீராகச் சுருங்காது. அடிப்பக்கம் பலகையிலும் சூளைத் தட்டிலும் உராய்ந்து இழுபடும், மேல்பக்கம் தாராளமாகச் சுருங்கும். துண்டு கொஞ்சம் கோணினால் துளையும் கோணும். இதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே தெரியும். அந்த ஆட்களுக்கு யார் சொன்னது? கட்டட வேலை பார்த்துப் பழகியவர்கள் கம்பி இறங்காவிட்டால் தட்டத்தான் செய்வார்கள். ஏற்றுவதற்கு முன்பு தரையில் படுக்கவைத்து ஐந்து துண்டையும் ஒருமுறை கோத்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

சரி, அதை நேரில் பார்த்து "மிஸ், அந்தத் துளை அன்றைக்கே கோணியது" என்று சொல்லியிருக்கக்கூடியவர் யார்? ஷெட்டுக்கு வரவா என்று கேட்டதே, அந்தப் பிள்ளை.

கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயில்களில் மண்குதிரைகள் நின்ற இடத்தில் இப்போது சிமெண்டுக் குதிரைகள் வந்துவிட்டன. பளபளவென்று பெயிண்ட் வேறு. மண்குதிரை உடையும், வெயிலிலும் மழையிலும் சிதையும், அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதனால்தான் செய்யத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். சிமெண்டு வந்த ஊரில் ஒரு தலைமுறைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சிறுவயதில், மண்குதிரை செய்யும் குயவரான வேளார் வீட்டு வாசலில் குதிரை வளர்வதைப் பார்த்திருக்கிறேன். அய்யனாருக்குக் குதிரை எடுக்கும் விழாவான புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர் அவருக்குப் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுக்கும். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அது கொஞ்சம் இறுகும்வரை வயிற்றை ஏற்ற முடியாது. ஈரமாக இருந்தால் கால் பிதுங்கும், அதிகம் காய்ந்தால் புதுமண் ஒட்டாது. காலையில் வேளார் தன் பையனைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாத்துச் சொல்லுடா, ஏத்தலாமா?" என்பார். அவருக்குத் தெரியாதா? பையன் தப்பாகச் சொன்னால் திட்டு விழும். சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார், வேலையைத் தொடங்கிவிடுவார். அங்கே பாடவேளை இல்லை, மணி இல்லை. மண் காயும் நேரம்தான் வகுப்பு.

நிறுவுவதைப் பாருங்கள். சுட்ட குதிரைகளை ஊர் ஆட்கள்தான் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அவர்களும் சிற்பிகள் இல்லை, வயல்வேலைக்காரர்கள். ஆனால் அந்தக் குதிரை தெருவில் வளர்ந்ததைத் தினமும் பார்த்தவர்கள். எங்கே கனம், எங்கே பிடித்தால் கை தாங்கும் என்று தெரிந்தவர்கள். வேளாரும் கூடவே நடப்பார். இத்தனைக்கும் காதோ வாலோ உடைவது உண்டு.

உடனே நீங்கள் கேட்பீர்கள், அந்தப் பையன் வேளார் வீட்டுப் பையன்தானே என்று. ஆமாம். வாசலில் நின்ற நாங்கள் யாரும் மண்ணைத் தொட்டதில்லை. தொழில் சாதிக்குள் பூட்டிக் கிடந்தது, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் படித்தது அரசுக் கல்லூரி. யார் வேண்டுமானாலும் மண்ணைத் தொடலாம் என்ற நிலை வந்தபிறகு படித்தவர். அந்தப் பூட்டு திறந்த பிறகு உங்கள் ஷெட்டுக்கு நீங்களே ஒன்று போட்டுக்கொண்டால் என்ன சொல்ல?

புதுச்சேரி உங்களுக்குத் தூரமில்லை. அங்கே அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா உள்ளூர் ஆட்களோடு பாத்திரங்கள் செய்தார், ரே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் செராமிக் கலைஞர்கள் பலர் அங்கே மண் பிசைந்தவர்கள். புதுச்சேரியைச் சுற்றி இத்தனை மட்பாண்டப் பட்டறைகள் முளைத்ததும் பெரும்பாலும் அந்த ஒரு இடத்தால்தான். கற்பித்தல் ரேயைத் தின்றுவிட்டதா? எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பல வருடம் பச்சை மண்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, முழு வீட்டையும் சுட்டுப் பார்த்தார். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி அதற்கு முன்னோடி. அந்த முறை பரவவில்லை என்பது வேறு விஷயம். ஒரு வீட்டைச் சுடுவது தனியாள் வேலையா சொல்லுங்கள்! மண்ணறுக்க, அடுக்க, இரவும் பகலும் விறகு போட ஆள் வேண்டும். அதன்பிறகுதான் அவருடைய பெரிய சிற்பங்கள் வந்தன. ஆளைவிட உயரமானவை, துண்டு துண்டாகச் செய்து கோப்பவை. உங்கள் பிரச்சினையேதான்.

மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஒரே பதில்: கெடுக்க முடியாத வேலையைக் கொடுங்கள். பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 1993-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் குடும்பம் குடும்பமாக ஆட்களை உட்காரவைத்து ஏறத்தாழ 40,000 மண்ணுருவங்கள் செய்யவைத்தார். கைக்குள் அடங்க வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், இரண்டு கண் வேண்டும். இவ்வளவுதான் விதி. அடுத்த வருடம் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு வாங்கினார். உங்களுக்கு 40,000 வேண்டாம். அளவு குறிக்க ஒருத்தி, துண்டுகளுக்கு எண் போட ஒருத்தி, தினமும் தொட்டுப் பார்த்து ஈரம் சொல்ல ஒருத்தன். பெற்றோரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணைத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நீங்களும் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்காதீர்கள்.

அடுத்த முறை துளையைக் கம்பியைவிடத் தாராளமாகப் போடுங்கள். சுருக்கம் போகவும் இடைவெளி மிஞ்ச வேண்டும். துண்டுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வையுங்கள். நம் ஊர் வெயிலில் இரும்பு நீளும், அதற்கும் இடம் வேண்டும்.

சூளையைக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? மொட்டைமாடி ஷெட்டில் கேஸ் வேண்டாம். மின்சூளைதான். கொஞ்சம் பெரியது என்றால் மூன்று பேஸ் இணைப்பு கேட்கும். வாங்குவதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள், மாடி எவ்வளவு கனம் தாங்கும் என்பதையும் ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.