பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பலித்த மனு

கேள்வி: கொலை முயற்சி வழக்கில் என் மகனுக்குச் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் ஏழு வருடம் போட்டார்கள். ஹைகோர்ட்டில் செய்த அப்பீலும் இரண்டு மாதம் முன்பு தள்ளுபடி ஆகிவிட்டது. ‘ஹேபியஸ் கார்பஸ் போட்டால் வந்துவிடுவான், அறுபதாயிரம் ஆகும்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் அப்படித்தான் வெளியே வந்தான். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகனும், அங்கே அப்பீல் தோற்றால் இதைத்தான் போடுவார்கள் என்கிறான். நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதலில் ஒன்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே வைத்த காகிதத்தில் யார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்? அவன் குண்டாஸில் போனவனாக இருப்பான் என்பது என் ஊகம். அதில் உத்தரவு போடுவது நீதிபதி அல்ல. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோதான். விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல் ஒரு வருடம் வரை அடைத்துவைக்கலாம். அதனால்தான் ஹைகோர்ட் அந்த உத்தரவைத் துருவிப் பார்க்கும். கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, குடும்பம் அனுப்பிய முறையீட்டைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டார்கள் என்பதற்கெல்லாம் கூட ரத்து செய்திருக்கிறது. ஹேபியஸ் கார்பஸ், அதாவது சட்டவிரோதமாக அடைத்தவரைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு, அங்கே பலிக்கும்.

உங்கள் மகனின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நீதிபதி. அதிகாரமுள்ள கோர்ட் தண்டித்து அடைத்தவரை, ‘சட்டவிரோதக் காவல்’ என்று சொல்லி இந்த மனுவில் வெளியே எடுக்க முடியாது. 2020ல் தமிழ்நாட்டுச் சிறைவாசிகள் வழக்கிலேயே, தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை கேட்பதற்கும் இது வழியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் தம்பி மகன் சொல்வது பொய்யில்லை, அது அந்த ஊர்ச் சட்டம். அங்கே மாநில கோர்ட்டில் தண்டனை பெற்றவர், தன் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது என்று பெடரல் கோர்ட்டில் ஹேபியஸ் போடலாம். அங்கேயும் அந்த வாதத்தை மாநில கோர்ட்டுகளில் முதலில் வைத்திருக்க வேண்டும். 1996ல் வந்த சட்டப்படி ஒரு வருடக் கெடுவும் உண்டு.

உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் டெல்லி. உச்ச நீதிமன்றத்தில் அப்பீலுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு. ஹைகோர்ட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அறுபதாயிரத்தைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்: ஹேபியஸ் மனு தள்ளுபடியாகி வருவதற்குள் இந்த நாட்கள் போய்விடும்.

சாட்சியங்களை உச்ச நீதிமன்றம் மறுபடி முதலிலிருந்து எடை போடாது. பெரிய தவறு ஏதாவது கண்ணில் பட்டால்தான் உள்ளே எடுக்கும். எடுத்தால் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கேட்கலாம். அதுவும் போனால் 30 நாளுக்குள் சீராய்வு மனு, அதற்கப்புறம் கடைசியாக க்யூரேட்டிவ் மனு. அவை மிகக் குறுகலான சந்து.

இதற்குக் காசு வேண்டியதில்லை. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், 1987ஆம் வருடச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. சிறையிலிருந்தே சூப்பிரண்டெண்ட் மூலம் உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பலாம்.

சரி, தண்டனைக் கைதிக்கு ஆட்கொணர்வு மனு உதவவே உதவாதா? உதவும், தண்டனை முடிந்தோ, குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தோ, அதன் பிறகும் விடாமல் வைத்திருந்தால். பீகாரில் ருதுல் ஷா என்பவரைக் குற்றவாளி இல்லை என்று கோர்ட் 1968ல் விடுவித்தது. சிறையைவிட்டு வெளியே வந்தது 1982ல். அந்தப் பதினாலு வருடத்துக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது இப்படியொரு மனுவில்தான். அதனால் உங்கள் மகன் விசாரணைக் கைதியாக இருந்த நாட்களை ஏழு வருடத்தில் கழித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அபராதம் கட்டாமல் இருந்தால் அதற்குத் தனியாக உள்ளே இருக்க வேண்டிவரும். கையில் இருக்கும் பணம் அதற்குப் போகட்டும்.

சிறை வாசலில் ‘மனு’ என்றால் கைதியைப் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த மனுவுக்கு அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது, தீர்ப்புத் தேதியை ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு இலவச வக்கீல் வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சிறை அலுவலகத்தில் கொடுக்கும்படி மகனிடம் சொல்லுங்கள். அப்படியே அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் ஒரு மனு கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு மலை ஏறுங்கள்.