டிராயிங் படிக்கத் தெரியாம ஸ்டுடியோவுல குப்பை கொட்ட முடியுமா?

கேள்வி: ஃபைனான்ஸ் கம்பெனி ஒண்ணுல எம்.டி.க்கு எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட்டா பல வருஷம் இருந்துட்டு, இப்போ ஆர்க்கிடெக்சர் டிசைன் ஸ்டுடியோவுல அதே வேலைக்குச் சேர்ந்திருக்கேன். மீட்டிங்ல பேசுறது பாதி புரியல. போன வாரம் கிளையண்டுக்குப் பழைய டிராயிங்கை அனுப்பிட்டேன், பாஸ் ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் தூக்கமே வரல. டிராயிங் போடுற சாஃப்ட்வேர் ஆட்டோகேட் கத்துக்கணுமா, இல்ல வேலையை விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. ஆட்டோகேட் கிளாஸுக்கும் இப்போ ஓட வேண்டாம். வரையுறதுக்கு அங்க ஆள் இருக்காங்க, வரைஞ்சதுல இன்னைக்கு எது செல்லும், யாருக்கு எப்போ போச்சு, யார் ஓகே சொன்னாங்கன்னு கையில வெச்சிருக்க ஆளுக்குத்தான் பஞ்சம், அந்த இடம் உங்களோடது.

முதல்ல டைட்டில் பிளாக் படிக்கப் பழகுங்க. ஷீட் ஓரத்துல, பெரும்பாலும் கீழ வலது மூலையில இருக்கும். டிராயிங் நம்பர், ரிவிஷன் (எத்தனாவது திருத்தம்ங்கிறது), தேதி, ஸ்கேல் (நிஜ அளவை எத்தனை மடங்கு சுருக்கி வரைஞ்சதுங்கிறது), இது சும்மா பார்வைக்கா இல்ல கட்டுறதுக்கே குடுத்ததாங்கிறது வரைக்கும் அங்கயே போட்டிருப்பாங்க. ஃபைல் பேர்ல 'ஃபைனல்'னு இருந்தா நம்பாதீங்க, திறந்து ரிவிஷனைப் பாருங்க. கிளையண்டுக்குப் போன பழைய ஷீட்டை "இதை விட்டுடுங்க, புதுசு இதோ"ன்னு ஒரு மெயில்ல சரி பண்ணிடலாம், அதே ஷீட் சைட்டுக்குப் போனா எழுப்பின சுவரையே இடிக்க வேண்டி வரும். அதனால அனுப்புற ஒவ்வொண்ணையும் டிரான்ஸ்மிட்டல் லிஸ்ட்ல, அதாவது எது யாருக்கு எப்போ போச்சுங்கிற பட்டியல்ல, ரிவிஷனோட ஏத்திட்டு அனுப்புங்க.

பிரிண்ட்லயும் ஒரு சிக்கல் இருக்கு. ஏ1ங்கிற பெரிய ஷீட்டுக்கு 1:100ன்னு வரைஞ்சதை, மேஜையில விரிக்க வசதின்னு ஏ3ல எடுத்தா நீளமும் அகலமும் பாதியாகி நிஜத்துல 1:200 ஆயிடும், ஆனா மூலையில 1:100ன்னேதான் இருக்கும். அதை நம்பி யாராவது ஸ்கேல் வெச்சு அளந்தா 4 மீட்டர் ரூம் 2 மீட்டர்னு வரும்! சின்னதா எடுக்கிற பிரிண்ட்ல எல்லாம் 'அளக்க வேண்டாம்'னு எழுதிடுங்க.

மீட்டிங்ல புரியலைன்னாலும் முடிவுகளை மட்டும் விடாம குறிச்சுக்கோங்க. "அந்த ஜன்னலை கொஞ்சம் தள்ளி வைங்க"ன்னு கிளையண்ட் போற போக்குல சொல்லிட்டுப் போவாங்க, அது ஸ்ட்ரக்சர், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் பார்க்குற கன்சல்டன்ட் எல்லாருக்கும் போய்ச் சேரணும், அன்னைக்கே மினிட்ஸ் அனுப்பினா பின்னாடி "நான் எப்போ சொன்னேன்"ங்கிற பேச்சே வராது. பல ஸ்டுடியோவுல ஃபீஸை ஸ்டேஜ் ஸ்டேஜாத்தான் வாங்குவாங்க, ஒரு ஸ்டேஜுக்கு கிளையண்ட் எழுத்துல ஓகே குடுக்கலைன்னா அந்த பில் அப்படியே நிக்கும்.

பாஸோட காலண்டரைப் பழைய ஆபீஸ் மாதிரி அரை மணி அரை மணியா ரொப்பிடாதீங்க. டிசைன் பண்றவங்களுக்கு நடுவுல யாரும் கூப்பிடாத ரெண்டு மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல வேணும், அதை முதல்ல பிளாக் பண்ணிட்டு மிச்சத்துல மீட்டிங் போடுங்க. வாரம் ஒரு தடவை அவர்கிட்ட கால் மணி நேரம் கேட்டு வாங்கி எந்த ப்ராஜெக்ட் எங்க நிக்குதுன்னு பேசுங்க, மீட்டிங்ல புரியாத வார்த்தையை எல்லாம் தயங்காம அப்பவே கேட்டுடுங்க.