புது ஸ்கிரீன், பழைய ஆட்டோபைலட்

கேள்வி: எங்கள் வீடு அவனியாபுரத்தில். ஏர்போர்ட் சத்தத்திலேயே வளர்ந்த என் மகன் இப்போது வெளியூரில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். அவன் ஓட்டும் செஸ்னா 172-ல் திசை காட்டும் வட்ட மீட்டரைக் கழற்றிவிட்டு கார்மின் ஜி5 ஸ்கிரீனை வைத்திருக்கிறார்களாம். ஆட்டோபைலட் மட்டும் பழைய கேஏபி 140. சில நேரம் ஸ்கிரீனில் திசையை மாற்றினாலும் விமானம் திரும்பவில்லை என்கிறான். ஒயரிங் கோளாறா சார்? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஒயர் லூசாக இருந்தாலும் இப்படி ஆகலாம்தான், ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. பழைய மீட்டர், நாம் வைத்த திசைக்கும் விமானம் போகிற திசைக்கும் உள்ள வித்தியாசத்தை மின்னழுத்தமாக ஆட்டோபைலட்டுக்கு அனுப்பும். புது ஸ்கிரீன் பேசுவது டிஜிட்டல், அதனால் நடுவில் ஜிஏடி 29பி என்று ஒரு பெட்டி. சௌராஷ்டிராவும் தமிழும் தெரிந்த நம்மூர்ப் பேரப்பிள்ளை பாட்டிக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நிற்கிற மாதிரி. இந்தப் பெட்டி இன்னொரு வேலையும் செய்யும். ஸ்கிரீனில் ஜிபிஎஸ்எஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஜிபிஎஸ் பாதைக்கு எவ்வளவு சாய வேண்டும் என்ற கட்டளையை, பழைய ஆட்டோபைலட்டுக்குப் புரிகிற திசை வித்தியாசமாகவே வேஷம் போட்டு அதே ஒயரில் அனுப்பிவிடும். ஆட்டோபைலட்டில் எரிவது என்னவோ ஹெடிங் மோடுதான் (வைத்த திசையில் போகும் மோடு), ஆனால் அது கேட்பது ஜிபிஎஸ் பேச்சை. அப்போது பையன் குமிழை எவ்வளவு திருகினாலும் விமானம் கண்டுகொள்ளாது. ஸ்கிரீனில் ஹெடிங்குக்கு மாற்றினால் சரியாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் திரும்பாவிட்டால் பயிற்சியாளரிடம் சொல்லி லாக்புக்கில் எழுத வேண்டும், இன்ஜினியர் பார்ப்பார்.

கேஏபி 140 என்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். அது சாய்வை, விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற தனி மீட்டரிலிருந்து உணர்கிறது, திசை மீட்டரை மாற்றினாலும் அந்த உணர்வு போகாது. கேஎஃப்சி 150 என்ற இன்னொரு பழைய ஆட்டோபைலட் அப்படியில்லை, அதற்கு விமானத்தின் சாய்வைக் காட்டும் கேஐ 256 என்ற, காற்றில் சுழலும் கைரோ மீட்டர்தான் கண். பழசு என்று அதைக் கழற்றினால் ஆட்டோபைலட் குருடு. அதனால் ஜி5 வைத்தவர்கள்கூட கேஐ 256-ஐ விட்டுவைக்க வேண்டியிருந்தது. 2020-ல் வந்த கார்மினின் ஜிஐ 275 என்ற ஸ்கிரீன் அந்த இடத்தில் உட்கார்ந்து அதன் சிக்னலையும் கொடுத்தது. ஆகவே ஸ்கிரீன் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை, இந்த ஆட்டோபைலட் எதைப் பார்த்துப் பறக்கிறது என்பதுதான்.

கேள்வி: திருப்பரங்குன்றம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறேன் அண்ணா. ப்ராஜெக்டுக்கு, விமானக் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் ஏரிங்க் 429 சிக்னலை ஆர்டுயினோவில் நேராகக் கொடுத்துப் படிக்கலாமா?

பதில்: நேராகக் கொடுத்தால் போர்டு காலி தம்பி. அது முறுக்கிய இரண்டு ஒயரில், ஒயர்களுக்கு நடுவே பிளஸ் 10, மைனஸ் 10 வோல்ட் என்று ஆடும்; ஆர்டுயினோ தாங்குவது 5 வோல்ட். ரிசீவர் சிப் ஒன்று நடுவில் போடு. ஒவ்வொரு வார்த்தையும் 32 பிட், வேகம் நொடிக்கு 12,500 பிட் அல்லது 1,00,000. மேஜையில் என்ன வேண்டுமானாலும் செய், பறக்கிற விமானத்தின் ஒயரில் மட்டும் கை வைக்காதே.