வேகன் வண்டிக்கு பீடிங் எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பழைய ஸ்டேஷன் வேகன் (கூரை பின்பக்கம்வரை நீளும், சாமான் ஏற்றும் கார்) வைத்திருப்பவர்களின் கேள்விகள். எல்லாம் பீடிங் எனப்படும் வெளிப்பக்கப் பளபளப்புப் பட்டைகளைப் பற்றியே இருப்பதால் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அறுபதுகளில் வந்த அமெரிக்க வேகன் ஒன்றைப் புதுப்பிக்கிறேன். அதே மாடல் செடானுக்கு பீடிங் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. என் வண்டியின் பின்பாதிக்கு மட்டும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஏன்?

வேகனை யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை, அதுதான் காரணம். மூட்டை, ஏணி, பிள்ளைகள், நாய் என்று ஏற்றி ஓட்டித் தேய்ந்தபின் உடைக்கப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம் என்பதால் வாங்குபவர்களும் கொஞ்சம், அதனால் டை (அச்சுக்கருவி) செய்து தயாரிக்க ஆள் இல்லை. விதிவிலக்கும் உண்டு: 1955 முதல் 1957 வரை வந்த செவ்ரலே நோமாட் வேகனின் டிக்கி கதவில் செங்குத்தாக 7 குரோம் பட்டைகள் இருக்கும், அவற்றைக்கூட இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஏனென்றால் அந்த வண்டிக்கு அவ்வளவு மோகம்.

எதையும் செய்யச் சொல்லும் முன், கம்பெனி வெளியிட்ட பழைய உதிரிபாகப் பட்டியலைத் தேடிப் பிடித்து எண்களை ஒப்பிடுங்கள். முன் ஃபெண்டரும் முன்கதவும் பெரும்பாலும் செடானுடையதேதான். பின்கதவில் கண்ணாடிக்குக் கீழே உள்ள பட்டை பல வண்டிகளில் ஒன்றாக இருக்கும், மேலே உள்ள சட்டம்தான் மாறும், வேகனின் கூரை சரியாமல் நேராகப் போகிறதல்லவா. அப்புறம், செடானின் வால் வருடாவருடம் மாறியபோதும் வேகனின் பின்பக்கத் தகடுகளை மாற்றாமல் சில வருடங்கள் ஓட்டிய கம்பெனிகள் உண்டு, ஆக உங்கள் வருடத்துக்கு முன்னும் பின்னும் தேடுங்கள். எல் கமீனோ, ரான்சேரோ மாதிரி வேகனை ஒட்டிப் பிறந்த பிக்கப் வண்டிகளையும் மறக்கவேண்டாம். இப்படிக் கழித்துப் பார்த்தால் 'கிடைக்கவே கிடைக்காது' என்ற பட்டியல் நீங்கள் பயந்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

பட்டை என்ன உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கார் பீடிங்குகளில் அதிகம் பயன்பட்டது 430 ரக எவர்சில்வர், அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தம் ஒட்டி, பின்பக்கம் செந்துரு பிடித்திருந்தால் அது குரோம் பூசிய சாதா இரும்பு. ஒட்டாமல், கையில் எடுத்தால் காற்றாய் இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் கனமாக, தடிமனாக, மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. சந்தேகம் தீரவில்லை என்றால் பின்பக்கம் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு காஸ்டிக் சோடா கரைசல் வையுங்கள்: அலுமினியம் நுரைக்கும், எவர்சில்வர் அசையாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இடது பக்க டி பில்லரில் (கூரையைத் தாங்கும் கடைசித் தூணில்) இருந்த வார்ப்புத் துண்டு தொலைந்துவிட்டது, வலது பக்கத்தது இருக்கிறது, ஆனால் இரண்டாக உடைந்திருக்கிறது. அதை வைத்து த்ரீடி பிரிண்டரில் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஆனால் அச்செடுப்பது இதில் கால் பங்கு வேலைகூட இல்லை. முதலில் அந்த உடைந்த துண்டைப் பத்திரப்படுத்துங்கள், உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான். ஒட்டி, பள்ளங்களை பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள், கொப்புளத்தோடு ஸ்கேன் செய்தால் கொப்புளத்தோடுதான் வரும். கணினியில் திருப்பிப்போட்டால் இடது பக்கம் தயார். தயார் என்று நம்பிவிடாதீர்கள், அந்தக் காலத்து உடல்களில் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படுவது சகஜம். சாதா பிளாஸ்டிக்கில் ஒன்று அச்சடித்து வண்டியில் வைத்து, தேய்த்து, வளைத்து, பொருந்தும்வரை திருத்துங்கள். இந்த மாதிரித் துண்டுக்குச் செலவு மிகக் குறைவு, ஆகவே எத்தனை முறை வீணாக்கினாலும் கவலையில்லை.

அதன்பின் மெழுகு அச்சு முறையில் (மாதிரியைச் சுற்றி அச்சு கட்டி, மாதிரியை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவது) பித்தளையில் வார்ப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். துத்தநாகத்தில் வார்க்க எஃகு டை வேண்டும், ஒன்றிரண்டு துண்டுக்கு அது கட்டுப்படியாகாது, பித்தளையோ பாலிஷுக்கும் முலாமுக்கும் அதைவிட நல்ல பொருள். ஆறும்போது பித்தளை சுமார் 1.5 சதவீதம் சுருங்கும், அதாவது 200 மில்லிமீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டர் காணாமல் போகும், அதைச் சேர்த்து அச்சைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிதாக்குவது என்பதை வார்ப்பவர் சொல்லட்டும், அவர் உலையும் கலவையும் அவருக்குத்தான் தெரியும். விளிம்பில் கொஞ்சம் கூடுதல் சதை இருக்கட்டும், பஃபிங்கில் அது கரைந்துவிடும். பிளாஸ்டிக் மேலேயே முலாம் பூசித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள், சின்ன எழுத்து, சின்னம் போன்றவற்றுக்குச் சரி, கதவு இடிக்கிற இடத்தில் நிற்குமா என்பது சந்தேகம்.

பின் ஜன்னலுக்குக் கீழே ஓடும் நீளமான எவர்சில்வர் பட்டை ஒன்று முற்றிலும் போய்விட்டது. புதிதாகச் செய்ய என்ன வழி?

ரோலர்களுக்கு நடுவே தகட்டை விட்டு வளைக்கும் முறையில்தான் தொழிற்சாலையில் செய்தார்கள். ஒரு வண்டிக்காக ரோலர் வெட்டினால் வண்டியைவிட அது விலை கூடிவிடும்! அதே மாடல் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டால் யோசிக்கலாம்.

மலிவான வழி, அதே குறுக்குவெட்டு உள்ள நீளமான வேறு பட்டையைப் பிடிப்பது. ஒரே கம்பெனி ஒரே வடிவத்தை இரண்டு மூன்று மாடல்களில் நீளம் மட்டும் மாற்றிப் போட்டிருக்கும். வெட்டி, நுனியை மட்டும் தட்டி மூடி, ஆர்கான் வெல்டிங் வைத்துத் தேய்த்தால் முடிந்தது. வெல்டிங்குக்குத் தனிக் கம்பி வாங்காமல், வெட்டி எறிந்த அதே பட்டையிலிருந்து மெல்லிய கீற்று அறுத்து அதையே கம்பியாகப் பயன்படுத்தினால் நிறம் பிசகாது. எதுவும் கிடைக்காவிட்டால், உள்வடிவத்தில் கடின மரத்திலோ எஃகிலோ ஒரு கட்டை செதுக்கி, மெல்லிய தகட்டை அதன் மேல் இறுக்கி மெதுவாகத் தட்டி இறக்கவேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

அலுமினியப் பட்டை என்றால் கதை வேறு. மேலிருக்கும் ஆனடைஸ் படலம் (மின்சாரம் செலுத்தி உண்டாக்கிய ஆக்சைடு படலம்) கடினமானது, அதன் மேல் பாலிஷ் போடுவது வீண்வேலை. படலத்தைக் கரைத்து எடுத்து, ஒடுக்கு எடுத்து, பாலிஷ் போட்டு, மறுபடி ஆனடைஸ் செய்யவேண்டும். விரிசலை ஒட்ட 4043 ரக வெல்டிங் கம்பியைப் பயன்படுத்தினால் அதிலுள்ள சிலிக்கனால் ஆனடைஸ் ஆனபின் அந்த இடம் கரும்சாம்பலாகத் தெரியும், 5356 கம்பி கேளுங்கள்.

குரோம் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?

பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குப் போதும்.

பக்கவாட்டு மரச்சட்டங்களை ஃபைபரில் செய்யலாமா?

வண்டியைப் பொறுத்தது. ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் 1952-லேயே முழு இரும்பு உடலுக்கு மாறிவிட்டது, பின்னால் வந்த மாடல்களில் மரம் மாதிரி தெரிவது வினைல் படமும் ஃபைபர் சட்டமும்தான். நல்ல நிலையில் இருக்கும் சட்டத்துக்கு மெழுகு தடவி, அதன் மேலேயே ஃபைபர் அச்சு எடுத்துப் புதிதாக வார்க்கலாம், மரவரியைக் கையால் தீட்டி, வெயில் தாங்கும் கிளியர் வார்னிஷ் அடிக்கவேண்டும். மோரிஸ் மைனர் டிராவலர் வைத்திருந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள். அதன் ஆஷ் மரம் அலங்காரம் இல்லை, பின் உடலைத் தாங்குவதே அதுதான், மரம் உளுத்திருந்தால் மரத்தையே மாற்றவேண்டும்.

பெயின்ட் முடிந்தபின் பட்டையை மாட்டலாமா, முன்பேவா?

இரண்டும். பெயின்டுக்கு முன்னால், முலாமுக்கும் முன்னால், எல்லாத் துண்டையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, ஓட்டைகள் சரியாக வருகின்றனவா, கதவு திறந்தால் இடிக்கிறதா என்று சரிபார்த்துக் கழற்றிவிடுங்கள். பெயின்டுக்குப் பிறகு கடைசியாக மாட்டும்போது ஒவ்வொரு கிளிப் ஓட்டையின் விளிம்பிலும் பிரைமர் தொட்டு, கிளிப்புக்குப் பின்னால் பியூட்டைல் பசை (தண்ணீர் புகாத ரப்பர் பசை) வையுங்கள், பழைய வண்டிகளில் துரு கிளம்புகிற இடங்களில் இந்த ஓட்டைகளும் ஒன்று. அலுமினியப் பட்டை இரும்பை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும், நைலான் கிளிப் போடுங்கள்.