ரியாக்ட் படித்து முடித்துவிட்டேன், இப்போது எல்லாக் கோடையும் ஏஐ எழுதுகிறது என்கிறார்கள். கொழும்பில் ஜூனியர் டெவலப்பர் வேலை இனிக் கிடைக்குமா? போர்ட்ஃபோலியோவில் என்ன போடுவது?

கிடைக்கும். ஆனால் டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஒரு முகப்புப் பக்கம் என்ற வழக்கமான மூன்றோடு போனால் கஷ்டம். உங்கள் கிட்ஹப்பிலும் இவைதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மன்னிக்கவும். இந்த மூன்றையும் ஏஐ சில நிமிடத்தில் எழுதிவிடும். எழுதியதை வாசித்து, "இந்த இடத்தில் பிழைக்கும், காரணம் இது" என்று சொல்லக்கூடிய ஆளைத்தான் கம்பனி தேடுகிறது. அதைச் சொல்ல முடியும் என்று காட்டுவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஒரேயொரு படிவம் போதும்: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேலை செய்கிற ஒரு பதிவுப் படிவம். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, ஓடிபி. இவ்வளவுதான்.

"இது ஒரு நாள் வேலை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஒழுங்காகச் செய்தால் அப்படி முடியாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தில் தொடங்குங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். புதியதில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நுழைத்து, எழுத்தை நீக்க வேண்டும். பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதுவரைக்கும் எந்த ஏஐயும் சரியாக எழுதிவிடும். பிசகுவது அடுத்த படியில்: இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், நெட்டாண்டு (லீப் வருடம்) இல்லாவிட்டாலும். 1990 மார்ச் 1 பிறந்தவரின் அட்டையில் 061 இருக்கும் (பெண்ணென்றால் 561). சாதாரண நாட்காட்டி ஃபங்ஷனுக்கு 61 என்று கொடுத்தால் மார்ச் 2 என்று விடை வரும். பெப்ரவரி 28க்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும், நெட்டாண்டு தவிர்ந்த எல்லா ஆண்டிலும், ஒரு நாள் தள்ளிப்போகும். ஜனவரியில் பிறந்தவரின் இலக்கத்தை மட்டும் போட்டுச் சோதித்தால் இது கடைசிவரை தெரியவே தெரியாது. இதற்கு நான்கு டெஸ்ட் எழுதுங்கள்: பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31, நெட்டாண்டில் ஒரு மார்ச் 1. வீடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் அரை மணி நேர வேலை. நேர்முகத்தில் கேட்பவருக்கு இந்த நான்கு டெஸ்டின் பெயரைப் பார்த்தாலே உங்களைப் பற்றி ஓரளவு புரிந்துவிடும்.

அதே புலத்தில் இன்னொரு பொறி. இலக்கம்தானே என்று இன்புட்மோடை நியூமரிக் ஆக்கினால், ஃபோனில் எண் பலகை மட்டும் வரும். பழைய அட்டைக்காரர் வி எழுத்தை எங்கே தேடுவார்? சாதாரண டெக்ஸ்ட் புலமாக விடுங்கள். தபால் குறியீட்டிலும் நம்பர் வகை வேண்டாம். வெள்ளவத்தையின் 00600 சேர்வருக்குப் போகும்போது வெறும் 600 ஆகிவிடும், கொழும்பு 1 முதல் 15 வரை எல்லாம் பூச்சியத்தில்தான் தொடங்குகின்றன. தொலைபேசிக்கு டெல் வகை, ஓடிபி புலத்துக்கு ஆட்டோகம்ப்ளீட்டில் ஒன்-டைம்-கோட்.

இப்போது தமிழ் எழுத்து. பலர் கால் வைக்காத இடம், அதனாலேயே நீங்கள் வைக்க வேண்டிய இடம். ஜாவாஸ்கிரிப்டில் 'கொழும்பு' என்ற சொல்லின் லெங்த் கேட்டால் 8 என்று வரும், ஒகர, உகரக் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனிக் குறியாக எண்ணும். கண்ணுக்குத் தெரிவது 4 எழுத்து. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் அது 24 பைட். பெயர்ப் புலத்தில் மேக்ஸ்லெங்த் (உச்ச நீளம்) 15 என்று வைத்துவிட்டு 'பாலசுப்பிரமணியம்' என்று தட்டிப் பாருங்கள். அந்தப் பெயர் 16 குறிகள் கொண்டது, கடைசி மகரத்தின் புள்ளி விழுந்து 'பாலசுப்பிரமணியம' என்று சேமிக்கப்படும். எழுத்தை எண்ண வேண்டுமென்றால் பிரவுசரிலேயே இன்டில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் எல்லாப் பெரிய பிரவுசரிலும் வேலை செய்யும், தனி லைப்ரரி வேண்டாம்.

இதைவிடக் கள்ளமானது ஒன்று. 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறிகளாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடினால் கிடைக்காது. கீபோர்டுக்குக் கீபோர்டு இது மாறலாம் என்பதால், சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி முறையில் (இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்குவது) ஓடவிடுங்கள். ஒரே வரிதான். ஆனால் அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று ரீட்மீயில் (திட்டத்தின் விளக்கக் கோப்பு) எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் தேவையில்லை என்று அழித்துவிடுவார்.

ஓடிபி குறுஞ்செய்தி காசு விஷயம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழோ சிங்களமோ ஒரு எழுத்து கலந்தாலே 70 ஆகிவிடும், அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. மேலே சொன்ன கணக்குப்படி 70 குறி என்பது முப்பத்தைந்து, நாற்பது தமிழ் எழுத்துதான். "உங்கள் பதிவை உறுதிப்படுத்த" என்று மரியாதையாகத் தொடங்கும் வாசகம் இரண்டு துண்டாகப் போகும், கட்டணமும் இரண்டு. குறியீட்டு எண்ணை முதலில் போட்டு, வாசகத்தை 70க்குள் சுருக்கி, நீளத்தை அளக்கும் டெஸ்ட் ஒன்றும் வையுங்கள்.

தோற்றத்தில் இரண்டு விஷயம் போதும். வரி உயரத்தை 1.6க்குக் குறைக்காதீர்கள், 1.2 வைத்தால் தமிழிலும் சிங்களத்திலும் மேல்கீழ்க் குறிகள் முட்டும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள், 'சமர்ப்பிக்கவும்' அதற்குள் அடங்காது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்கு வெளியே என்றாலும். இந்த நாட்டுப் படிவங்களில் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டாயப் பெட்டிகளை வைத்துவிட்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிற ஒரு சமூகத்தையே தவறாக நிரப்ப வைக்கிறார்கள். பிறகு ஆவணங்களில் பெயர் ஒத்துவரவில்லை என்று அலைய விடுகிறார்கள். முழுப்பெயர், முதலெழுத்துக்களுடன் பெயர் என்று கடதாசிப் படிவத்தில் எவ்வளவு காலமாக இருக்கிறது! அதை அப்படியே எடுத்து வைத்தால் என்ன? தமிழ்ப் பக்கம் என்று சொல்லிப் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப்பை ஏற்றுகிறார்கள். அதிலிருந்து பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் ஒட்டும், தேடவும் முடியாது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடரும் வாசிக்காது. நீங்கள் செய்யும் படிவத்திலாவது பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பை மூன்று மொழிக்கும் சரியாகப் போடுங்கள்.

சரி, ரியாக்டுக்கு வருகிறேன். புது ரியாக்ட் திட்டம் தொடங்கும் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பெப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. வகுப்பில் அதில்தான் படித்திருந்தால் வீட்டுக்கு... அதாவது வீட் என்ற பில்ட் கருவிக்கு மாற்றிவிடுங்கள். 2025 டிசம்பர் 3 அன்று ரியாக்ட் சேர்வர் கம்பொனென்ட்ஸில் (சேர்வரில் ஓடும் ரியாக்ட் பகுதிகள்) ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. லாக்இன் எதுவும் இல்லாமலே சேர்வரில் கோட் ஓட்டக்கூடியது, தீவிரம் 10க்கு 10. 19.0.1, 19.1.2, 19.2.1 பதிப்புகளில் அதை அடைத்தார்கள். உங்கள் திட்டத்தில் எந்தப் பதிப்பு என்று கேட்டால் தடுமாறாமல் பதில் வர வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஜாவாஸ்கிரிப்ட் பாக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் சாக், டிபக் உட்பட 18 பிரபலமான பாக்கேஜ்களில் தீங்கான கோட் ஏறியது. காரணம் பராமரிப்பாளருக்கு வந்த ஒரு போலி மின்னஞ்சல். ஆகவே பாக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பைக் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதியும் கருவி) சேருங்கள், கோட்டைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ கட்டளையைப் பயன்படுத்துங்கள், பாக்கேஜ் இறங்கும்போது தானாக ஓடும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை நிறுத்தி வையுங்கள். இரண்டு வரியில் முடிகிற வேலைக்குப் புதுப் பாக்கேஜ் சேர்க்காதீர்கள்.

வேகத்தை மடிக்கணினியில் அளக்க வேண்டாம். நான்கைந்து வருடப் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பியில் இணைத்து, மொபைல் டேட்டாவில் அளவிடுங்கள். ஐஎன்பி, அதாவது தட்டியதும் பக்கம் பதில் காட்ட எடுக்கும் நேரம், 200 மில்லி செக்கனுக்குள் (2024 மார்ச் 12 முதல் எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்தில் இதுதான்). எல்சிபி, அதாவது பக்கத்தின் பெரிய பகுதி தெரிய எடுக்கும் நேரம், 2.5 செக்கனுக்குள். மூன்று மொழி எழுத்துருவையும் ஒரே நேரத்தில் இறக்கினால் எல்சிபி தப்பாது. யூனிகோட் ரேஞ்ச் போட்டு மொழிவாரியாகப் பிரித்து, வூஃப்2 என்ற சுருக்கிய வடிவில் கொடுங்கள்.

இவ்வளவையும் ஏஐயிடம் கேட்காமல் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. நான் ஏஐக்கு எதிரானவர் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கேளுங்கள். ஆனால் அது தந்த முதல் வடிவத்தை ஒரு கமிட்டாகவும் (கிட்டில் குறிப்போடு சேமிக்கும் ஒரு மாற்றம்), நீங்கள் திருத்திய ஒவ்வொன்றையும் காரணத்தோடு தனித்தனிக் கமிட்டாகவும் வையுங்கள். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள் ஏஐயோடு வேலை செய்து 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். ஆனால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். 16 பேர்தான், கருவிகளும் அதன் பிறகு மாறிவிட்டன, ஆகவே அதை வேதமாக எடுக்க வேண்டாம். தன் வேகத்தைத் தானே மதிப்பிடுவது நம்பகமில்லை என்பதற்கு அது போதும். அந்தக் கமிட் வரிசை உங்களுக்காகப் பேசும்.

கடைசியாக ஒன்று. சோதனைத் தரவில் உங்கள் வீட்டாரின் உண்மையான அடையாள அட்டை இலக்கத்தைப் போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர் அதைப் பற்றிக் கேட்பார், கேட்காவிட்டாலும் கிட்ஹப்பில் உங்கள் ரெப்போவை, அதாவது திட்டக் கோப்புகள் இருக்கும் இடத்தை, திறந்து பார்ப்பார். ஏற்கெனவே கமிட் செய்திருந்தால் கோப்பை அழிப்பது போதாது, கிட் வரலாற்றில் அது இருக்கும். ரெப்போவை நீக்கிவிட்டு, கற்பனை இலக்கங்களோடு புதிதாகத் தொடங்குவதுதான் சுலபம்.