அந்தக் கோப்பு யாருடைய பெயரில் இருக்கிறது?

மேகக் கணிமையில், அதாவது இணையத்தின் வழியே, இயங்கும் அலுவலக மென்பொருள்களைப் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்திற்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். ஆர்டர், முன்பணம், பாக்கி எல்லாவற்றையும் நான்கு வருடங்களாகக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி வருகிறோம். கணக்கு எழுதிய தம்பி சென்ற மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார். இப்போது அந்த ஷீட்டைத் திறந்தால், அனுமதி கேளுங்கள் என்று ஒரு பக்கம் வருகிறது. கணக்கு அழிந்துவிட்டதா?
— அச்சக உரிமையாளர், இராயப்பேட்டை

பதில்: அனுமதி கேட்கும் பக்கம் வருகிறது என்றால் கோப்பு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். முதலில் திரையின் வலது மேல் மூலையில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டு, எந்த ஜிமெயில் கணக்கில் உள்ளே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடையின் முகவரி, உங்கள் சொந்த முகவரி, மகளின் கல்லூரி முகவரி ஆகிய மூன்றும் ஒரே குரோமில் கிடக்கும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடை முகவரிக்கு மாறியதும் ஷீட் திறந்துகொண்டால் வேலை அத்துடன் முடிந்தது.

திறக்கவில்லை என்றால், அந்த ஷீட்டைத் தம்பி தன் சொந்தக் கணக்கில் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். வரவு செலவு விவரம் உங்கள் கடையினுடையதாக இருந்தாலும், கூகுளின் பார்வையில் கோப்புக்கு உரிமையாளர் அவர்தான். அவரை அழைத்துப் பேசுங்கள். சம்பளப் பாக்கி ஏதேனும் இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் பேசுவது நல்லது. அவர் கோப்பைத் திருத்தும் உரிமையுடன் உங்களைச் சேர்த்து, ஷேர் பெட்டியில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள பட்டியலில் உரிமையை மாற்றித் தரும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு உங்களுக்கு வரும் மின்னஞ்சலில் நீங்கள் சம்மதம் தெரிவிக்கும் வரை கோப்பு அவருடையதாகவே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் பார்க்கும் அனுமதி மட்டும் தந்தால்கூட, ஃபைல் பட்டியலில் ‘மேக் எ காப்பி’ கொடுத்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிரதி உங்கள் பெயரில் பதிவாகும், ஆனால் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பழைய வரலாறு அதனுடன் வராது. அவர் ஒருவேளை கோப்பை நீக்கியிருந்தால், குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் அவர் மீட்டுத் தந்தால்தான் உண்டு, உங்கள் பக்கத்திலிருந்து மீட்க வழியில்லை.

நிறுவனப் பெயரில் கட்டணம் செலுத்திக் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஊழியரின் கணக்கை நீக்கும்போதே அவருடைய கோப்புகளை வேறொருவருக்கு நிர்வாகி மாற்றிவிடலாம். மறந்து நீக்கிவிட்டாலும் 20 நாட்களுக்குள் கணக்கை மீட்கலாம்.

கேள்வி: கோயில் கும்பாபிஷேக மலருக்காகப் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகளைக் கூகுள் டாக்ஸில் ஏற்றினேன். திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன.
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, அந்தக் கோப்பில் என்றுமே தமிழ் இருந்ததில்லை என்றால் வியப்பாக இருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று நீங்கள் தட்டியபோது கணினி சேமித்தவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருந்த எழுத்துரு. கூகுள் டாக்ஸ் உங்கள் கணினியில் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொள்ளாது என்பதால் போர்வை விலகி, உள்ளிருந்தது வெளியே தெரிகிறது. வானவில் எழுத்துருவிலும் இதே கதைதான். விசை அமைப்பு மட்டும் வேறு.

எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக உரையை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு எனும் ஒருங்குறிக்கு மாற்றுவதே தீர்வு. தமிழக அரசே 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றும்போது மூல எழுத்துரு பாமினி என்று சரியாகக் குறிப்பிடுங்கள். வானவில் என்று கொடுத்தால் வேறொரு குழப்பம் கிடைக்கும். கட்டுரைக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றிக்கு வேறுபாடு தெரியாது. ‘டிரஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்திருந்ததையும் அது அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். ஆகவே நன்கொடையாளர் பட்டியல், மின்னஞ்சல் முகவரி போன்ற பகுதிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். மூலக் கோப்பை, மலர் அச்சாகி வந்த பிறகும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: சம்பளப் பட்டியலில் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எக்செலில் அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடுகிறது. 7 என்று அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.
— கணக்குப் பிரிவு ஊழியர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: உங்கள் நினைவு சரி. எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும், 16-ஆவது பூஜ்யமாகும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையின் ஃபார்மட்டை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. பாஸ்புக் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. எண்ணின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யம் காணாமல் போவதற்கும் இதுவே மருந்து. திருத்தாத பட்டியல் வங்கிக்குப் போய்விடாமல் இன்றே நிறுத்திவையுங்கள்.

கேள்வி: ஜிமெயிலுக்கு இரண்டு நாட்களாகக் கடிதமே வரவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்கிறது. ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் கூகுள் டிரைவில் பத்துக் கோப்புகள்கூட இல்லை.
— வாசகி, கொளத்தூர்

பதில்: இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது, பெரும்பாலும் கைபேசியிலிருந்து தானாக ஏறிய கல்யாண வீடியோக்களே அதை நிரப்பியிருக்கும். அவற்றைப் பென்டிரைவில் சரிபார்த்துப் பிரதி எடுத்த பிறகே நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பிறர் உங்களுக்குப் பகிர்ந்த கோப்புகளை நீக்குவதால் ஒன்றும் மிச்சமாகாது. அவை உரிமையாளரின் கணக்கில்தான் இடம் பிடிக்கின்றன.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் இணையம் இல்லை. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தும் ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. மழைக்காலத்திற்கு என்ன முன்னேற்பாடு?
— வரி ஆலோசகர் அலுவலகம், வேளச்சேரி

பதில்: இணையம் இருக்கும் நாளிலேயே செய்து வைக்க வேண்டிய வேலை இது. குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் டிரைவின் அமைப்புகளுக்குச் சென்று ‘ஆஃப்லைன்’ வசதியை இயக்குங்கள். பிறகு அவசியமான ஒவ்வொரு டாக்ஸ், ஷீட்ஸ் கோப்பின் மேலும் வலது பொத்தானை அழுத்தி, ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறியுங்கள். ஒரு நாள் வைஃபையை வேண்டுமென்றே அணைத்துவிட்டுக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போது இதைச் செய்தால் யாருடைய கணினியில் குறிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். இணையமில்லாமல் செய்த திருத்தங்கள் அந்தக் கணினியின் உலாவிக்குள்ளேயே காத்திருக்கும் என்பதால், இணைப்பு திரும்பிய பிறகு, டிரைவில் சேமிக்கப்பட்டதாகக் கோப்பின் பெயருக்கு அருகில் தெரியும் வரை உலாவியின் தரவுகளைத் துடைக்காதீர்கள்.