எஃப்எஃப்எம்பெக்: வெட்டலாம், சுருக்கலாம், கேளுங்க

கமாண்ட் லைன்ல வீடியோ வெட்டுறது, சுருக்குறது பத்தி மட்டும் கேளுங்க. எல்லாத்துக்கும் எஃப்எஃப்எம்பெக்ங்கிற இலவச புரோகிராம்தான். ஆப்ஷன்களைத் தமிழ் எழுத்துல எழுதுறேன், டெர்மினல்ல புரோகிராம் பேருக்குப் பின்னால ஆங்கிலத்துல அடிங்க. முதல்லயே சொல்லிடுறேன்: என்ன செஞ்சாலும் ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க.

கேள்வி: ஸ்கூல் ஆண்டுவிழா வீடியோ ரெண்டு மணி நேரம். அதுல என் பொண்ணு ஆடின அஞ்சு நிமிஷம் மட்டும் வேணும். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எக்ஸ்போர்ட் பண்ணா ரொம்ப நேரம் ஓடுது, படமும் மங்குது.

பதில்: வெட்டுறதுக்கு மறுபடி என்கோட் பண்ணவே (படத்தைப் புதுசாச் சுருக்கி எழுதவே) வேண்டாம். '-எஸ்எஸ் 01:12:30 -ஐ விழா.எம்பி4 -டி 300 -சி காப்பி நடனம்.எம்பி4'. '-எஸ்எஸ்' தொடங்குற இடம், '-ஐ' மூல ஃபைல், '-டி' எத்தனை நொடி, '-சி காப்பி' அப்படியே எடுன்னு அர்த்தம். சில நொடியில முடிஞ்சிடும், தரம் துளியும் குறையாது. உள்ளே இருக்கிற டேட்டாவை அப்படியே எடுத்து வேற டப்பாவுல போடுது, அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் உண்டு. வீடியோவுல எல்லா ஃப்ரேமும் முழுப் படம் இல்லை. அங்கங்கே ஒரு கீஃப்ரேம்தான் முழுசு, நடுவுல வர்றதெல்லாம் பக்கத்து ஃப்ரேமிலிருந்து என்ன மாறுச்சுங்கிற கணக்கு. காப்பி பண்ணும்போது கீஃப்ரேம்லதான் தொடங்க முடியும். வீடியோவைச் சுருக்குற எக்ஸ்264 என்கோடர் வழக்கமா அதிகபட்சம் 250 ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வைக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம்னா பத்து நொடி வரை இடைவெளி. அதனால கேட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கும், இல்லேன்னா சில பிளேயர்ல பாட்டு கேட்கும், படம் அசையாது. நீங்க சில நொடி முன்னாலயே வெட்டிக்கோங்க, பொண்ணு மேடை ஏறுறதும் சேர்ந்து வரட்டும். துல்லியமா அந்த நொடிதான் வேணும்னா '-சி காப்பி'யை எடுத்துட்டு '-சி:வி லிப்எக்ஸ்264 -சிஆர்எஃப் 18 -சி:ஏ காப்பி' போடுங்க. நேரம் எடுக்கும். சிஆர்எஃப்ங்கிறது தரத்தை முடிவு பண்ற எண்.

கேள்வி: நான் '-டி'க்குப் பதிலா, முடியுற இடத்தைச் சொல்ற '-டு 01:17:30'ஐக் கடைசியில கொடுத்தேன். அஞ்சு நிமிஷத்தோட நிக்காம விழா முடியுற வரைக்கும் வருது!

பதில்: '-எஸ்எஸ்'ஐ '-ஐ'க்கு முன்னால போட்டா கடிகாரம் அங்கிருந்து பூஜ்யத்துல தொடங்கும். '-டு'வையும் '-ஐ'க்கு முன்னால நகர்த்துங்க, சரியாயிடும்.

கேள்வி: சிஆர்எஃப் எவ்வளவு வைக்கலாம்?

பதில்: எக்ஸ்264க்கு 0 முதல் 51 வரை. டீஃபால்ட் 23. எண் குறைஞ்சா தரம் கூடும். 6 கூட்டினா சைஸ் ஏறக்குறைய பாதியாகும். 23ல ஒரு முப்பது நொடி மட்டும் ஓட்டி, இருட்டான காட்சியில முகத்தைப் பாருங்க. கட்டம் கட்டமாத் தெரிஞ்சா 20க்கு இறங்குங்க. என்கோட் வேகத்தைச் சொல்ற பிரிசெட் 'ஸ்லோ' போதும்.

கேள்வி: மூணு நிமிஷ வீடியோவை 16 எம்பிக்குள்ள சுருக்கி வாட்ஸப்ல அனுப்பணும்.

பதில்: இது சிஆர்எஃப் வேலை இல்லை, வகுத்தல் கணக்கு. 16ஐ 8ஆல பெருக்கினா 128 மெகாபிட். 180 நொடியால வகுத்தா நொடிக்குச் சுமார் 711 கிலோபிட். ஆடியோவுக்கு 96 ஒதுக்கி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து வீடியோவுக்கு 580 வைங்க, டூ-பாஸ்ல (முதல் தடவை அளந்து, ரெண்டாவது தடவை சுருக்கி) ஓட்டுங்க. '-விஎஃப் ஸ்கேல்=-2:480' சேருங்க. அந்த -2, அகலத்தை இரட்டைப்படையா வைக்கும். ஒற்றைப்படையா வந்தா என்கோடர் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: என்னோடது பத்து நிமிஷம் சார். அதே 16 எம்பி.

பதில்: அதே கணக்கு, 600ஆல வகுங்க. வர்ற விடையைப் பார்த்தா படம் தேறாதுன்னு புரியும், டாக்குமென்டா அனுப்புங்க.

கேள்வி: ஜிப் பண்ணா குறையுமா?

பதில்: குறையாது.

கேள்வி: எங்க கல்யாண கேசட்டை டிவிடி ஆக்கி வெச்சிருக்கோம். கம்ப்யூட்டர்ல பார்த்தா கை அசையுற இடமெல்லாம் கோடு கோடாத் தெரியுது. சுருக்கினா இன்னும் மோசமாகுது.

பதில்: நல்ல கேள்வி. நம்மூர் கேசட் பிஏஎல் முறை. ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு அரைப் படம்: ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். நொடிக்கு 50 அரைப் படம். பழைய டிவி அதை அப்படியே காட்டுச்சு, கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒட்டிக் காட்டுது. தாலி கட்டுற கை நடுவுல நகர்ந்திருக்கும், அதான் கோடு. ரெண்டையும் பிரிக்கிற ஃபில்டர் '-விஎஃப் யாடிஃப்=1' போடுங்க, 50 அரைப் படமும் 50 ஃப்ரேமா விரியும், அசைவு வழுவழுன்னு இருக்கும். இதைச் செய்யாம சைஸை மாத்தினா கோடு படத்தோட கலந்துடும், அப்புறம் பிரிக்க முடியாது. சிஆர்எஃப் 18 வைங்க. கேசட் இரைச்சலுக்கே பிட் நிறையப் போகும், ஃபைல் பெரிசா வந்தா ஆச்சரியப்படாதீங்க. டிவிடியில இருக்கிற அந்த விஓபி வீடியோ ஃபைல்களை அழிக்காதீங்க!

கேள்வி: இன்னும் எக்ஸ்264ஐப் பிடிச்சுத் தொங்குறீங்களே? அதுக்கு அடுத்து வந்த எக்ஸ்265 போட்டா பாதி சைஸ்.

பதில்: எக்ஸ்265ன் டீஃபால்ட் சிஆர்எஃப் 28, 264க்கு 23. ரெண்டையும் டீஃபால்ட்ல ஓட்டிட்டு 'பாதி'ன்னா எப்படி? ஒரே தரத்துல பாருங்க. சிறுசா வரும், மறுக்கலை. ஆனா என்கோட் ஆக நேரம் பல மடங்கு, பெரியப்பா வீட்டு டிவியில பென்டிரைவைச் சொருகினா ஓடுமான்னும் தெரியாது.

கேள்வி: ஐபோன்லயும் ஓடலை, அதையும் சொல்லுங்க!

பதில்: அது 265 குத்தம் இல்லை. '-டேக்:வி எச்விசி1' சேருங்க, ஓடும்.

கேள்வி: (265 நண்பர் மறுபடி) கிராஃபிக்ஸ் கார்டு என்கோடர்ல நேரமே ஆகாது.

பதில்: வேகம் சரி. அதே தரத்துக்கு ஃபைல் பெருக்கும். சைஸ் குறையணும்னுதானே சண்டைக்கு வந்தீங்க?

கேள்வி: ரெண்டு பேரும் விடுங்க, இன்னும் புதுசான ஏவி1 சுருக்க முறைதான் எதிர்காலம்.

பதில்: இருக்கட்டும். பெரியப்பா டிவிக்கும் அதை நீங்களே சொல்லிடுங்க.

கேள்வி: மூணு நிமிஷ வீடியோவை 16 எம்பிக்கு...

பதில்: மேல பாருங்க.

கேள்வி: நிறைய ஃபைல் இருக்கு. லிஸ்ட்ல இருந்து ஒவ்வொரு பேரா எடுத்து ஷெல் ஸ்கிரிப்ட்ல வைல் லூப் போட்டு (ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு) ஓட்டுறேன். முதல் ஃபைலோட நின்னுடுது.

பதில்: எஃப்எஃப்எம்பெக் கீபோர்டுலேர்ந்து ஏதாவது வருமான்னு காத்திருக்கும். உங்க லிஸ்ட்டையே அது தின்னுடுது. '-நோஎஸ்டிடின்' சேருங்க. அவுட்புட் வேற ஃபோல்டருக்குப் போகட்டும். ஒரிஜினல்... சரி, சொல்லலை.